மழைக்காலத்தில் மும்பை: வானிலையோடு கடலையும் பார்த்துப் புறப்படுங்கள்

சென்னைவாசிகளுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மும்பையிலோ தென்மேற்குப் பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நீடிக்கிறது. ஜூலையில் மட்டும் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாகிறது. சென்னைக்கு வடகிழக்குப் பருவம் முழுவதிலும் கிடைக்கும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே மழை விட்ட பிறகு புறப்படலாம் என்று காத்திருக்கும் நம் ஊர் வழக்கம் அங்கே உதவாது. பெருமழையையே காண விரும்புவோர் ஜூலையிலும், ஓய்ந்து ஓய்ந்து பெய்யும் மழையும் பசுமையும் போதும் என்போர் செப்டம்பரிலும் செல்லலாம்.

காலையில் விடுதியை விட்டு இறங்கும் முன் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை. மற்றொன்று, அன்றைய கடல் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதன், நேரமும் உயரமும். வெளியூரிலிருந்து செல்வோர் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். என் கருத்தில் இரண்டாவதே முக்கியம். ஏழு தீவுகளுக்கு இடையிலிருந்த கடலைத் தூர்த்து உருவாக்கிய நகரம் என்பதால் அதன் பல பகுதிகள் தாழ்வானவை. ஓதம் ஏறும்போது மழைநீர் வடிகால்கள் பலவற்றின் வாய்கள் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால், தெருவில் பெய்த நீர் இறங்க வழியின்றி அங்கேயே தேங்கிவிடுகிறது. 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் எழும் நாட்களை மும்பை மாநகராட்சி பருவம் தொடங்கும் முன்பே பட்டியலிட்டு அறிவிக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் அந்நாட்களில் உச்ச ஓதம் பெரும்பாலும் நண்பகல் வாக்கில் அமைகிறது. அத்தகைய நாளில் கனமழை எச்சரிக்கையும் இருந்தால், உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது வெளியே சுற்றாமல் இருப்பது நல்லது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்ததையும் அந்நகரம் இன்னும் மறக்கவில்லை.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், போக வேண்டிய இடங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். தெற்கு முனையிலுள்ள கோட்டைப் (ஃபோர்ட்) பகுதியில் வேலை இருப்பவர் வடக்கே புறநகரான அந்தேரியில் தங்கினால் நாள்தோறும் நகரத்தை நீளவாட்டில் கடக்க வேண்டியிருக்கும். சயான், குர்லா பகுதியில் தண்டவாளம் மூழ்கினால் மத்தியப் பாதையின் புறநகர் ரயில்கள் நின்றுவிடும். நடுவழியில் ரயில் நின்றால், அறிவிப்பு வரும் வரை பெட்டிக்குள்ளேயே இருங்கள். தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு வழக்கத்தை விட இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள்.

தேங்கிய நீரில் நடப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். திறந்துகிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழி நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் அக்கம்பக்கத்தார் மரக்கிளையையோ கம்பையோ நட்டு வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் விலகிச் செல்லுங்கள். எலிக்காய்ச்சல் அந்நீர் வழியாகவே பரவுகிறது. காலில் சிறு காயம் இருந்து, நீரில் இறங்கவும் நேர்ந்துவிட்டால், கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்பதை அவர் சொல்வார். அவசர உதவிக்கு மாநகராட்சியின் 1916 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

துணிமணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜீன்ஸ் காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், கடற்கரைக் காற்றில் குடை மடங்கிவிடும். மழைக்கோட்டும் பிடிப்புள்ள ரப்பர் செருப்பும் போதும்.

இந்தக் காலத்தில் தவறவிடக் கூடாத இடம் கன்ஹேரி. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் அங்கே உள்ளன. பாறையில் விழும் மழையைச் சிறு வாய்க்கால்கள் வழியாகத் தொட்டிகளில் சேர்க்கப் பண்டைத் துறவிகள் செய்த ஏற்பாட்டைக் கோடையில் பார்த்தால் வெறும் கல் வேலைப்பாடாகவே தெரியும். மழையில் பார்க்கும்போதுதான் அது எதற்காக அமைந்தது என்பது கண்முன்னே விளங்கும். பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பாறை வழுக்கும் என்பதால் படிகளை விட்டு விலக வேண்டாம்.

மரைன் டிரைவில் அலைகளைத் தடுப்புச் சுவருக்கு இப்பால் நின்றே பாருங்கள். இந்தியா வாயிலிலிருந்து (கேட்வே ஆஃப் இந்தியா) அலிபாக் பக்கத்து மாண்டுவா படகுத்துறைக்குச் செல்லும் பயணிகள் படகுகள் பருவமழையில் நிறுத்தப்படுவதால், அந்தப் பயணத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் உணவுக்காகச் செல்வோர் ஏமாற நேரிடலாம். அதற்கு ஈடாக, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சுட்ட சோளம் தெருவெங்கும் கிடைக்கும். இட்லியும் ஃபில்டர் காபியும் தேடி மாட்டுங்காவுக்குச் செல்வோர், பக்கத்திலுள்ள கிங்ஸ் சர்க்கிள் நீர் தேங்கும் இடம் என்பதால், ஓத நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் காலையிலேயே போய் வந்துவிடுங்கள்.