சின்னா சிங்கா, குழம்பாம இருக்க ஒரு வழி

அக்கா பையன் போன வாரம் கேக்குறான், "மாமா, பர்மாவோட சண்டை போட்ட சின் ராஜாதானே பெருஞ்சுவர் கட்டுனாரு?" சின் (Qin), சிங் (Qing) ரெண்டும் வேற வேற சீன ராஜ வம்சம், பெருஞ்சுவர் கதை சின்னோடது, பர்மா சண்டை சிங்கோடது, நடுவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு கொஞ்சம் கம்மியா முழுங்கிட்டான் பய. அவன சொல்லி குத்தமில்ல, தமிழ்ல சின், சிங், கின், க்வின்னு ஆளாளுக்கு எழுதி வெச்சிருக்காங்க, அது போதாதுன்னு சண்டை போட்ட நம்ம பர்மா பக்கத்து ராஜா பேரு சின்பியூஷின், அந்த சின் பர்மீஸ்ல யானை, வெள்ளை யானைக்கு அதிபதின்னு அர்த்தம், சீனாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

மொதல்ல வாய்ல சரி பண்ணுங்க. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல கியூ வந்தா க்வன்னு வாசிக்காம, காத்தோட ச்சன்னு சொல்லணும். கடைசில ஜி இல்லேன்னா சின், இருந்தா சிங்.

அடுத்து கண்ணு. யாங்கூன் சைனாடவுன் இருக்குற லத்தா பக்கம் போனா சீன போர்டு நெறைய இருக்கும்ல, எழுத்து தெரியாட்டியும் படமா பாத்து பழகுங்க. சின் எழுத்துக்கு அடில பயிரு குறி, சிங் எழுத்துக்கு இடது பக்கம் மூணு சொட்டு தண்ணி. ஜின்னு வேற 1115லருந்து 1234 வரைக்கும் இன்னொரு வம்சம் இருந்துச்சு, அந்த எழுத்து தங்கம், நகைக்கடை போர்டுல தினம் பாக்குறதுதான்.

இப்ப பயிருக்காரங்க கதை. சின்னுக்கு முன்னாடி ஆண்ட சோவ் வம்சத்து ராஜாவுக்கு குதிரை வளத்து குடுத்த ஃபெய்சிங்கற ஆளுக்கு சின்னு ஒரு ஊர குடுத்தாங்கன்னு பழைய சரித்திரம் சொல்லுது, அந்த ஊரு பேருதான் நாட்டுக்கும் அப்புறம் வம்சத்துக்கும் ஆச்சு. சீனாங்கற பேரே இதுலருந்து வந்ததுன்னுதான் ரொம்ப பேரு சொல்றாங்க. சின் நாட்டு ராஜா யிங் செங் கி.மு. 246ல பட்டத்துக்கு வரும்போது 13 வயசு. கி.மு. 230ல ஹான் நாட்ட புடிச்சதுல ஆரம்பிச்சு, சாவோ, வேய், சூ, யான்னு ஒண்ணொண்ணா விழுந்து, கி.மு. 221ல சி நாடும் போச்சு, இவரு மொத பேரரசர். அந்த 221 மட்டும் மனப்பாடம் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி சின் ஒரு நாடு, அதுக்கு பின்னாடி பேரரசு. எழுத்து, எடைக்கல்லு, வண்டி அச்சோட அகலம், நடுவுல சதுர ஓட்டை போட்ட காசு எல்லாம் ஒரே அளவு. சுவரும் ஏற்கனவே இருந்தத சேத்து நீட்டுனதுதான், இன்னைக்கு டூரிஸ்ட் போட்டோ எடுக்குற சுவரு பெரும்பாலும் சிங்குக்கு முன்னாடி இருந்த மிங் வம்சத்து காலத்துது. கி.மு. 210ல அவரு செத்தாரு, மறு வருஷமே சென் ஷெங், வு குவாங்னு ரெண்டு பேரு கலகம், மொத்தமா 15 வருஷம்தான் ஓடுச்சு.

சிங் 1644லருந்து 1912 வரைக்கும், வடகிழக்குலருந்து வந்த மஞ்சு இனத்து ஆளுங்க. நம்ம ஊரு புள்ளைங்களுக்கு ஈசியா சொல்லணும்னா, 1765லருந்து 1769 வரைக்கும் பர்மாவோட மோதுனது இந்த தண்ணிக்காரங்கன்னு சொல்லுங்க.

ஒண்ணு மட்டும், இத படிச்சிட்டு லத்தாவுல கேன்டனீஸ் பாட்டி யாருகிட்டயாவது "நீங்க சின் ஆளுங்களா"ன்னு கேட்டுடாதீங்க, அவங்க பழக்கத்துல தங்கள டாங் ஆளுங்கன்னுதான் சொல்லிப்பாங்க, அது 618ல ஆரம்பிச்ச வேற வம்சம்.