வால்வு கிட்டார் ஆம்பில் கெயின் எகிறினால் செய்யக்கூடாதவை

நீங்களே கட்டிய வால்வு ஆம்பில் கிட்டாரைச் செருகுகிறீர்கள். வால்யூம் குமிழ் 2-ஐத் தொடுவதற்குள் ஒலி உடைந்து கரகரக்கிறது. கம்பியை எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் சுத்தமான ஸ்வரம் வரவில்லை. இந்த நிலையில் கண்ணில் படும் ரெசிஸ்டரையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மிகையான கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஆம்ப் முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) அது தாங்குவதைவிடப் பல மடங்கு சிக்னல் போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே குறைக்க வேண்டும்.

அதற்கு முன், பிரச்சினை கெயின்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிட்டாரைக் கழற்றிவிட்டு வால்யூமை மெல்லக் கூட்டுங்கள். கிட்டாரே இல்லாமல் கீச்சென்று கத்தினால் அது ஆசிலேஷன், அதாவது ஆம்ப் தன் சிக்னலையே தனக்கு ஊட்டிக்கொண்டு அலறுவது. மூடியைத் திறக்கும் முன் கீழே உள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டு, கிரிட்டுக்குப் போகும் ஒயர் ஏதாவது பிளேட் (சிக்னல் வெளிவரும் முனை) ஒயரையோ அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒயரையோ ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஆன் செய்து வால்வுகள் சூடானதுமே ஊளையிட்டால், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் முன்னால் திருப்பி அனுப்பும் இணைப்பு) தலைகீழாக இணைந்திருக்கக்கூடும். புஷ்-புல் ஆம்ப் (பவர் வால்வுகள் மாறி மாறி வேலை செய்வது) என்றால் பவர் வால்வுகளின் பிளேட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் நடக்கும் ஆசிலேஷன்தான் ஏமாற்றுவது. அது வெளியே வெறும் கரகரப்பாகத்தான் கேட்கும். சிக்னலே இல்லாதபோது வால்யூமைத் திருப்ப, பவர் வால்வின் கேத்தோடு (எலக்ட்ரான் வெளிவரும் முனை) வோல்டேஜ் நகர்ந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு சாதாரணக் காரணம் வால்யூம் பாட், அதாவது குமிழின் கீழே உள்ள மாறும் ரெசிஸ்டர். லீனியர் பாட் போட்டிருந்தால் பாதித் திருப்பத்திலேயே பாதி வோல்டேஜ் போய்விடும். லாக் பாட்டில் அதே இடத்தில் சுமார் 10 முதல் 15 சதவீதம்தான் போகும். பாட்டின் மேல் உள்ள எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். கழற்றி, நடுவில் வைத்து, கிரௌண்டு முனைக்கும் நடு முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 மெகா ஓம் பாட் 500 கிலோ ஓம் காட்டினால் அது லீனியர்.

சரி, இனி மூடியைத் திறந்து வேலை செய்வோம். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிரை எடுக்கும். தக்க ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 12ஏஎக்ஸ்7 வால்வில் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர், 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், அதன் குறுக்கே 25 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் என்ற வழக்கமான ஸ்டேஜ் (பெருக்கும் ஒரு படி) சிக்னலைச் சுமார் 60 மடங்காக்கும். கிட்டாரிலிருந்து 0.1 வோல்ட் வந்தால் முதல் ஸ்டேஜ் 6 வோல்ட் தரும். அடுத்த ஸ்டேஜின் பயாஸோ (சிக்னல் இல்லாதபோது கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே உள்ள வோல்டேஜ்) ஒன்றரை வோல்ட்டுக்குள்தான் இருக்கும். அந்த அளவைத் தாண்டிய சிக்னல் கிரிட்டை எட்டினாலே ஒலி உடையும். இங்கே போவது நான்கு மடங்கு. பழைய வடிவமைப்புகளில் நடுவே இருக்கும் டோன் சர்க்யூட் சிக்னலைத் தின்று பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைத்துவிடுவதால் இது வெளியே தெரிவதில்லை. எளிமைக்காக டோன் சர்க்யூட்டை எடுத்துவிட்டுக் கட்டிய ஆம்புகளில் கெயின் எகிறுவதற்கு இதுவே காரணம்.

தீர்வு, இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவில், கப்ளிங் கபாசிட்டருக்கு (ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குச் சிக்னலை மட்டும் கடத்துவது) பின்னால், ஒரு வோல்டேஜ் டிவைடர். சிக்னல் வழியில் 470 கிலோ ஓம், கிரிட்டிலிருந்து கிரௌண்டுக்கு 150 கிலோ ஓம் போட்டால் 6 வோல்ட் ஏறக்குறைய 1.45 வோல்ட்டாக இறங்கும். இதிலும் இரண்டு தவறுகள் நடக்கும். இரண்டு பக்கமும் 1 மெகா ஓம் போட்டால், அடுத்த வால்வின் மில்லர் கபாசிட்டன்ஸோடு (வால்வுக்குள்ளேயே உருவாகும் கபாசிட்டர் தன்மை) சேர்ந்து டிரெபிள் மங்கிவிடும். மாறாக 47 கிலோ ஓம், 15 கிலோ ஓம் என்று சிறிதாகப் போட்டால் முந்தைய ஸ்டேஜின் மேல் பாரம் ஏறி, அதுவே உடைய ஆரம்பிக்கும். எனக்குப் பிடித்த மாற்று வழி ஒன்று உண்டு. 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டருக்குப் பதிலாக 47 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு, அவற்றின் நடுவிலிருந்து சிக்னலை எடுங்கள். வால்வின் பயாஸ் ஏறக்குறைய அப்படியே இருக்க, வெளிவரும் சிக்னல் மட்டும் பாதியாகும்.

இதையே ஆம்பின் வாசலில், கிட்டார் ஜாக்கிலேயே செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். முதல் வால்வின் இரைச்சல் அப்படியே இருக்க, கிட்டார் சிக்னல் மட்டும் சுருங்கும். உஸ்ஸென்ற சத்தம் மேலே வந்துவிடும். 68 கிலோ ஓம் இரண்டை வைத்துப் பாதியாக்கும் ‘லோ’ ஜாக்கில் கிட்டாருக்குத் தெரியும் பாரம் 136 கிலோ ஓம். அதில் பிக்கப்பின் பளிச்சென்ற டிரெபிளும் கொஞ்சம் போய்விடும்.

கேத்தோடு கபாசிட்டரைக் கழற்றினால் அந்த ஸ்டேஜின் கெயின் 60-லிருந்து 30 பக்கம் இறங்கும். ஒரே ஒரு ஸ்டேஜில் இது நல்ல வழி. எல்லா ஸ்டேஜிலும் கழற்றினால் ஆம்ப் உயிரில்லாமல் தட்டையாகிவிடும். கரகரப்பு தடித்த கம்பிகளில்தான் அதிகம் என்றால், மிகையாக இருப்பது பேஸ் மட்டுமே. 25-க்குப் பதிலாக 0.68 மைக்ரோ ஃபாரட் போட்டுப் பாருங்கள், அல்லது 0.022 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கபாசிட்டரை 0.0047 ஆக்குங்கள்.

வால்வை மாற்றுவது சுலபம், அதனால்தான் அதிகம் நம்பப்படுகிறது. 12ஏஎக்ஸ்7-இன் ஆம்ப்ளிஃபிகேஷன் ஃபேக்டர் (வால்வின் உச்சப் பெருக்கத் திறன்) 100. 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு 44 அளவில். இவை அதே சாக்கெட்டில் உட்காரும். 1950-களின் ஃபென்டர் ஆம்புகள் பலவற்றில் முதல் வால்வே 12ஏஒய்7தான், அதனால் இது நல்ல தேர்வு. 12ஏயூ7-ஐச் செருகினால் கெயின் நிச்சயம் விழும். ஆனால் 12ஏஎக்ஸ்7-க்காகக் கணக்கிட்ட ரெசிஸ்டர்கள் அதற்குப் பொருந்தாது. அப்புறம், ஒரே குடுவைக்குள் இரண்டு டிரையோடுகள் (தனித்தனியே பெருக்கும் இரண்டு பாதிகள்) இருப்பதால் மாற்றம் இரண்டு ஸ்டேஜிலும் விழும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மாஸ்டர் வால்யூம் கெயினைக் குறைக்காது. முன்னால் உடைந்த ஒலியைச் சத்தம் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பவரைப் பாதியாக்குவதும் அப்படியே, 3 டெசிபல்தான் இறங்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூடியைப் போட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே பலமான பிக்கப் உள்ள கிட்டாரை முழு வால்யூமில் வைத்து வாசித்துப் பாருங்கள். அடுத்த ரெசிஸ்டரைத் தொடுவதற்கு முன் இப்போது போட்ட மதிப்பைச் சர்க்யூட் படத்திலேயே குறித்துவிடுங்கள்.