கையடக்க புரொஜெக்டர்: டிவி என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு திரை கட்டிவிடுவார்கள். அன்பியக் கூட்டம் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுவது), கோயில் கொடை, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இன்று புரொஜெக்டர் இருக்கிறது. முன்பெல்லாம் வாடகைக்குக் கொடுப்பவரே கொண்டுவந்து, நிறுத்தி, ஓட்டி, எடுத்துக்கொண்டும் போய்விடுவார். இப்போது பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி வீடு தேடி வருகிறது. ஓட்டுபவர் நாமே.

வாங்கிய சில மாதங்களில் படம் மங்கிப்போனது, தானாக அணைகிறது, நடுவில் கரும்புள்ளி விழுந்துவிட்டது என்ற புகார்கள் நிறையக் கேட்கின்றன. மட்டமான பொருளாலும் இது நடக்கும்தான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. அதை டிவி மாதிரி நடத்துகிறோம். டிவியை எங்கே மாட்டினாலும் அது பாட்டுக்கு ஓடும். புரொஜெக்டர் அப்படியல்ல. ஒரு பலமான விளக்கைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்து, விசிறி வைத்துக் குளிரவைத்து, ஒளியைத் தூரத்துச் சுவரில் விழவைக்கும் கருவி அது. சுற்றியிருக்கும் காற்று, இருட்டு, சுவர், கரண்ட் நான்கும் சரியாக அமைந்தால்தான் அது சரியாக வேலை செய்யும்.

காற்றை அடைப்பது

முதல் தவறு மெத்தைமேல் வைப்பது. தலையணை, சோபாவின் கை, மடித்த போர்வை எல்லாம் இதில் சேர்த்தி. பல சின்ன புரொஜெக்டர்களில் காற்று இழுக்கும் துளைகள் அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருக்கின்றன. துணியில் புதைந்தால் அவை மூடிக்கொள்ளும். ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளி வைப்பதும் அதே தவறுதான். வெளியே தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கருவி எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. பத்து நிமிடம் ஓடவிட்டு, செய்தித்தாளிலிருந்து விரலகலத் துண்டு ஒன்றைக் கிழித்துத் துளைகளின் அருகே பிடியுங்கள். இழுக்கும் பக்கத்தில் தாள் போய் ஒட்டிக்கொள்ளும். தள்ளும் பக்கத்தில் படபடவென்று விலகி ஆடும், கையில் அனல் தெரியும். அந்த இரண்டு பக்கமும் ஒரு அடியாவது காலியாக இருக்க வேண்டும். அடியில் இழுக்கும் கருவி என்றால் கட்டியான பலகையோ ஸ்டூலோ போதும், மேலே துணி விரிக்க வேண்டாம். சூடான காற்று வரும் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், பிள்ளைகளும் உட்கார வேண்டாம்.

பெரும்பாலான புரொஜெக்டர்களுக்கு 35 அல்லது 40 டிகிரி வரைதான் சுற்றுப்புற வெப்பம் தாங்கும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் கீழ் பகல் நேரத்தில் அந்த எல்லையைத் தொடுவது பெரிய விஷயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டும்போது படம் திடீரென்று மங்கினாலோ தானாக அணைந்தாலோ அது கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக இருக்கலாம். உடனே மறுபடியும் ஆன் செய்து பார்ப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. வேண்டாம். நன்றாக ஆறவிட்டு, துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, இடத்தை மாற்றி, அப்புறம் ஓட்டுங்கள்.

பழைய பல்ப் வகை புரொஜெக்டரை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ரிமோட்டில் அணைத்துவிட்டு, விசிறி தானாக நிற்கும்வரை காத்திருங்கள். திடீரென்று கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும், பல்ப் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் பகுதியில் இருப்பவர்கள் ஒரு யூ.பி.எஸ். வைத்துக்கொள்வது நல்லது. எல்.இ.டி. வகைக்கு இந்த அளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் சூட்டோடு பையில் போட்டு ஜிப்பை இழுக்கக் கூடாது.

வெளிச்சத்தைத் தப்பாகக் கணக்கிடுவது

பெட்டியில் ஒன்பதாயிரம் லுமென்ஸ், 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒன்பதாயிரம் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது ஆன்சி லுமென்ஸ் என்ற எண், அதாவது ஒரு பொதுத் தரமுறைப்படி அளந்த வெளிச்சம். விலை குறைந்த சின்னக் கருவிகளில் அது பெரும்பாலும் சில நூறுதான். 4கே சப்போர்ட் என்றால் 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்று மட்டுமே பொருள். உள்ளபடி எத்தனை புள்ளிகளில் காட்டுகிறது என்பதை நேட்டிவ் ரெசல்யூஷன் என்ற இடத்தில் தேடுங்கள். பெரும்பாலும் 720 என்றோ 1080 என்றோ இருக்கும்.

அடுத்தது படத்தைப் பெரிதாக்கும் ஆசை. உங்களிடம் இருப்பது 200 ஆன்சி லுமென்ஸ் கருவி என்று வைத்துக்கொள்வோம். 60 அங்குலப் படம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 200 லுமென்ஸும் அந்த ஒரு சதுர மீட்டரில் விழும், அதாவது சுமார் 200 லக்ஸ். அதையே 100 அங்குலமாக்கினால் பரப்பு இரண்டே முக்கால் சதுர மீட்டருக்குப் போய்விடும், வெளிச்சம் 70 லக்ஸ் சொச்சத்துக்கு இறங்கிவிடும். டியூப் லைட் எரியும் அறையின் வெளிச்சமே அதைவிட அதிகமாக இருக்கலாம். பிறகு படத்தில் கறுப்பு எங்கே தெரியும்? எல்லாம் சாம்பலாகத்தான் இருக்கும். கருவியைக் குறை சொல்லும் முன் படத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள், விளக்கை அணையுங்கள், எதிர்வீட்டு விளக்கு விழும் ஜன்னலை மூடுங்கள். பணம் செலவில்லாமல் தெளிவு கூடும்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. த்ரோ ரேஷியோ 1.2 என்று போட்டிருந்தால், படத்தின் அகலத்தைப்போல 1.2 மடங்கு தூரத்தில் கருவி நிற்க வேண்டும். 100 அங்குலப் படத்தின் அகலம் சுமார் ஏழேகால் அடி, ஆகவே எட்டே முக்கால் அடி தூரம். 150 அங்குலம் வேண்டுமென்றால் 13 அடி ஆகும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதற்கு இடமே கிடையாது. வாங்கும் முன் டேப் எடுத்து அறையை அளந்துவிடுவது எவ்வளவோ மேல்.

நம் வீடுகளில் சுவருக்கு இளம்பச்சை, ரோஸ், மஞ்சள் எல்லாம் அடிப்போம். அந்த நிறம் படத்தில் ஏறிவிடும், நடிகர் முகம் பச்சையாகத் தெரியும். வெள்ளைச் சுவர் இல்லையென்றால் வெள்ளைத் துணி கட்டலாம், ஆனால் ஒற்றை வேட்டி போதாது. பாதி ஒளி துணியைத் துளைத்துப் பின்னால் போய்விடும், பின்னால் தெருவிளக்கு இருந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். இரண்டு மடிப்பாகப் போட்டு, பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டுங்கள். ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்பக்கத்தையும் பயன்படுத்துகிறார்கள். பளபளப்பான ஃப்ளெக்ஸ் என்றால் நடுவில் ஒளி வட்டமாகத் தெறிக்கும், மங்கலான பரப்பு உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

கருவியை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கீஸ்டோன் பட்டனால் படத்தை நேராக்குவது எல்லோரும் செய்வது. அந்தப் பட்டன் லென்ஸை அசைப்பதில்லை. படத்தின் ஓரங்களைச் சுருக்கித்தான் சதுரமாக்குகிறது, அந்த அளவுக்குத் தெளிவும் வெளிச்சமும் குறையும். ஸ்டூலை நகர்த்தித் திரையின் நடுவுக்கு நேராக வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சாய்வுக்கு மட்டும் அதைத் தொடுங்கள். ஃபோகஸைக் கருவி சூடான பிறகு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இன்னொருமுறை சரிசெய்யுங்கள். சூட்டில் லென்ஸ் கொஞ்சம் விரியும், முதலில் வைத்த ஃபோகஸ் நழுவும்.

வெட்டவெளியில்

ஏழு மணிக்குப் படம் என்றால் ஐந்து மணிக்கே மொட்டைமாடியில் எல்லாம் நிறுத்தி வைப்போம். லென்ஸ் மேற்கே பார்த்துத் திறந்திருக்கும். சாயங்கால வெயில் நேராக லென்ஸுக்குள் இறங்கினால், உள்ளே இருக்கும் சின்னத் திரைச்சில்லின்மேல் ஒளி குவிந்து எரித்துவிடும். பூதக்கண்ணாடியில் தாளை எரிப்பது போலத்தான். அந்தக் கரும்புள்ளி அழியவே அழியாது. வெயில் முழுதாக இறங்கும்வரை மூடியைக் கழற்றாதீர்கள், லென்ஸையும் கிழக்கே திருப்பி வையுங்கள். இதே காரணத்துக்காகவும் பேட்டரிக்காகவும் வெயிலில் நிறுத்திய காருக்குள் புரொஜெக்டரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

காற்று இன்னொரு சங்கதி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதே கணவாய்க் காற்றுக்காகத்தான். ஆனி, ஆடியில் மாவட்டம் முழுக்கக் காற்று பலமாக அடிக்கும். கட்டிய திரை பாய்மரம் மாதிரி உப்பும், ஸ்டாண்டு சரியும். திரையை மேலே மட்டும் கட்டாமல் கீழேயும் கட்டுங்கள். கருவி நிற்கும் முக்காலியில் மணல் பையைத் தொங்கவிடுங்கள், வயர் யார் காலிலும் சிக்காதபடி ஓரமாகக் கொண்டுபோங்கள்.

ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் ஊர் இது. சாரல் விழுந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் புரொஜெக்டரின்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிடுவார்கள். இதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. சூடு வெளியே போக வழியில்லை, உள்ளே ஈரமும் கோர்த்துக்கொள்ளும். மழைக் காலத்தில் கருவி வராந்தாவிலும் பார்ப்பவர்கள் முற்றத்திலுமாக இருக்கும்படி முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். நனையும் என்று தோன்றினால் அணைத்து உள்ளே கொண்டுபோங்கள், ஆட்டம் போனால் போகட்டும்.

மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பும். ஊரிலேயே பளிச்சென்று இருப்பது லென்ஸ்தான் என்றால் அத்தனையும் அங்கேதான் வரும். இறக்கைகள் உதிர்ந்து காற்றுத் துளையில் அடைக்கும், உடல்கள் லென்ஸில் ஒட்டும், திரையில் கையளவு நிழல்கள் ஊரும். துளைமேல் கொசுவலை கட்டலாமே என்று தோன்றும், அதுவும் காற்றைத் தடுக்கும். ஈசல் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதுவரை அணைத்து மூடி வைத்துவிட்டு, பிறகு தொடங்குவதே சரி.

கரண்ட்

விழாக்களில் எனக்கு மிகவும் பயம் தருவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். டேப் சுற்றிய வயர், ஈர மண், அதன்மேல் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள். பாக்ஸைத் தரையில் போடாமல் நாற்காலியின்மேல் வையுங்கள். நடுவில் ஒட்டுப்போட்ட வயர் வேண்டவே வேண்டாம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுவதும் வேண்டாம். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று அன்றைக்குக் காலையிலேயே பாருங்கள். கம்பத்திலிருந்து கொக்கி போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது குற்றமும்கூட, உயிருக்கும் ஆபத்து.

ஜெனரேட்டரில் ஓட்டும்போது சீரியல் லைட்டும் ஆம்ப்ளிஃபையரும் இருக்கும் அதே லைனில் புரொஜெக்டரைச் சேர்க்காமல் தனி லைன் கேளுங்கள். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் குலசேகரம், அருமனை பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம். இடிச் சத்தம் கேட்டால் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள், வெளியிலிருந்து வரும் கேபிளையும் எடுத்துவிடுங்கள்.

பேட்டரி உள்ள வகையைப் பேட்டரியில் ஓட்டும்போது வெளிச்சத்தைக் கருவியே குறைத்துக்கொள்ளலாம், அது பழுதில்லை. ஆனால் பெட்டியின் ஒரு பக்கம் உப்பியிருப்பதாகத் தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். சார்ஜும் போட வேண்டாம்.

கண்

சின்னப் பிள்ளைகளுக்கு லென்ஸைக் குனிந்து பார்க்கும் ஆசை வரும். உற்றுப் பார்க்க விடக் கூடாது. லேசர் வகையில் இதற்கான எச்சரிக்கை கருவியிலேயே ஒட்டியிருக்கும். தரையில் வைத்து மேல்நோக்கி அடிப்பதைவிட, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே, அவர்களுக்குப் பின்னால் உயரமாக வைப்பதே பாதுகாப்பு. யாராவது திரைக்கு முன்னால் நின்று பேச வேண்டியிருந்தால் அந்த நேரம் படத்தை மறைத்துவிடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். போனில் ஓடும் சில ஓ.டி.டி. செயலிகள் திரைப்பகிர்வில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், காப்புரிமைப் பாதுகாப்பு அப்படி. ஆட்கள் கூடுவதற்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் உதடும் குரலும் பொருந்தவில்லையென்றால் ஆக்ஸ் வயரை (ஸ்பீக்கருக்கு ஒலி கொண்டுபோகும் வயர்) போடுங்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. நள்ளிரவு ஆட்டத்தைச் சின்ன ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டு வயதானவர்களும் தூங்குவார்கள்.

எடுத்து வைப்பது

முட்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. இணைப்புத் துளைகளில் துரு ஏறும், ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். திறந்த அலமாரியில் வைக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே லென்ஸில் பனி படிந்தால் துடைத்துவிட்டு ஓட்டாமல், அது தானாக மறையும்வரை காத்திருங்கள். லென்ஸைச் சட்டைத் துணியாலோ சானிடைசராலோ துடைக்கக் கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதி, பிறகு கண்ணாடிக்குத் தரும் மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். பயன்படுத்தாத மாதங்களிலும் ஒருமுறை எடுத்து அரைமணி நேரம் ஓடவிட்டு, பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேலே சார்ஜில் விட்டு, ஆறியபின் திரும்ப டப்பாவில் வையுங்கள்.