ஸ்க்ரோலுக்கு ஓர் அடி போடுவது எப்படி?

ஃபோனில் ஸ்க்ரோல் செய்வதை நிறுத்த முடியவில்லையா? மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். 2006-இல் ஆசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோல், பக்கத்தின் அடியையே, அதாவது அது முடியும் இடத்தையே, எடுத்துவிட்டது. அடி இருந்தால் விரல் அங்கே நிற்கும், போதுமா என்று மனம் கேட்கும். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். அந்த அடியை இனி நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது யூடியூப்தான். செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்துங்கள், பழையதையும் அழித்துவிடுங்கள். முகப்பில் வரிசைகட்டி நிற்கும் பரிந்துரைகள் மறைந்து, தேடல் பெட்டி மிஞ்சும். எதற்கு வந்தோம் என்று யோசித்து டைப் செய்தால்தான் வீடியோ வரும். எனக்கு அந்த ஒரு நொடி போதும்; பாதி நேரம் மூடிவிட்டுப் போய்விடுவேன்.

அப்புறம் நோட்டிஃபிகேஷன். மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்தியும் அழைப்பும் மட்டும் ஒலிக்கட்டும். லைக், 'உங்களுக்காக' வகையறா எல்லாவற்றையும் அணையுங்கள். எப்போது என்ன வரும் என்று தெரியாததுதான் நம்மை இழுக்கிறது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களிடம் கண்டதும் இதுவே: எத்தனையாவது கொத்துக்கு இரை விழும் என்று தெரியாதபோது அவை விடாமல் கொத்தின.

இன்ஸ்டாகிராம் ஃபீடில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் நிறுத்தி வைக்கலாம்; கெடு முடிந்ததும் மறுபடி நிறுத்துங்கள்.

இரவில் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அலாரத்தை நிறுத்தும் விரலே ரீல்ஸையும் திறந்துவிடும்.