சென்னை–மதுரை: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஒருவர் 420 கி.மீ. என்பார், இன்னொருவர் 460 கி.மீ. என்பார். இரண்டுமே ஏறத்தாழச் சரிதான். முன்னது இரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்து அளந்த வான்வழித் தொலைவு. பின்னது செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, மேலூர் வழியாகச் செல்லும் சாலையின் நீளம்.

வான்வழித் தொலைவைத் தாளில் எழுதியே கண்டுபிடிக்கலாம். சென்னையின் அட்சரேகை 13.08 பாகை, மதுரையினுடையது 9.93 பாகை, வேறுபாடான 3.15-ஐ 111-ஆல் பெருக்கினால் தெற்கு வடக்காக 350 கி.மீ. வரும். தீர்க்கரேகைகள் 80.27, 78.12, இக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே செல்வதால், நம் பகுதியில் ஒரு பாகைக்கு 109 கி.மீ. என்று கொண்டு, வேறுபாடான 2.15-ஐப் பெருக்கினால் 234 கி.மீ. கிடைக்கும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் 421 கி.மீ. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் இதற்குப் போதும்.

சமவெளியில் ஓடும் இந்தச் சாலை நேர்கோட்டைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். அந்த விகிதத்தை மலைப்பாதைக்குப் பொருத்தக் கூடாது: கோவையிலிருந்து உதகைக்கு நேர்கோட்டில் சுமார் 52 கி.மீ.தான், மேட்டுப்பாளையம், குன்னூர் வழியே வளைந்து ஏறும்போது 85 கி.மீ.க்கு மேல் ஆகிறது.

நேரத்தைக் கணக்கிடும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடும் என்பது உண்மை. ஆனால் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் செல்ல ஒரு மணி நேரம், புறப்பாட்டுக்கு முந்தைய காத்திருப்பு இரண்டு மணி நேரம், மதுரையில் பெட்டியை எடுத்துக்கொண்டு நகருக்குள் வர முக்கால் மணி நேரம் என எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆகிறது. பேருந்துக்கும் அவ்வாறே கிளாம்பாக்கம் செல்லும் நேரத்தையும், மாட்டுத்தாவணியிலிருந்து வீடு சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டு மணி நேரப் பயணம் பத்தை நெருங்கிவிடும்.

காரில் செல்வோர் நிற்கும் நேரம் நீங்கலாக மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே நல்லது. வண்டி நூறில் ஓடினாலும் சுங்கச்சாவடியும் ஊர்ச் சந்திப்புகளும் சராசரியைக் குறைத்துவிடும். தாம்பரத்தில் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, விழுப்புரத்தில் அரை மணி நேரம் சிற்றுண்டிக்கு நின்றால், மதியச் சாப்பாட்டுக்கு மதுரை சேரலாம்.

திருச்சியைத் தாண்டிய பிறகு இந்தக் கணக்கை மஞ்சள் தலை கொண்ட கி.மீ. கற்களைக் கொண்டே சரிபார்க்கலாம். உடன் வருபவர் ‘மதுரை 100’ என்ற கல்லருகே மணி பார்த்து, 90-ஆம் கல்லருகே மறுபடியும் பார்க்கட்டும். இடையில் ஒன்பது நிமிடம் ஆகியிருந்தால், மீதியுள்ள தொலைவுக்கு 81 நிமிடம் ஆகும். அதனுடன் மேலூருக்குப் பின் நகர நெரிசலுக்காக இருபது நிமிடம் சேர்த்து, காத்திருக்கும் வீட்டாருக்குச் சொல்லலாம்.

பொங்கல், தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் மட்டும் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே எந்தச் சராசரியும் செல்லாது. அந்நாள்களில் விடியலுக்கு முன்பே செங்கல்பட்டைக் கடந்துவிடும்படி புறப்படுங்கள்.