8 ஜிபி போட்டாலும் 4தான்: கடை டேட்டாபேஸை 64 பிட்டுக்கு மாற்றுவது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை. மாடிப்படிக்கு அடியில், புடவை பண்டல்களுக்கு நடுவில் அவர்கள் சர்வர் உட்கார்ந்திருக்கும். 2018இல் மாதம் தவறாமல் 10ஆம் தேதி எனக்குப் போன் வரும். ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் நேரம். ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டால் நாற்பது நிமிடம் ஓடும். அதுவரை கவுன்டரில் பில் நகராது.

"இன்னாம்மா, மெஷின் மறுபடியும் படுத்துக்கிச்சு? ராம் பத்தலன்னு சொன்னாங்கன்னுதான் எட்டு ஜிபி வாங்கிப் போட்டோமே!" என்பார் முதலாளி.

போட்டது உண்மைதான். ஆனால் எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் ஏற்றி வைத்திருந்தது விண்டோஸ் சர்வர் 2008 ஸ்டாண்டர்ட், 32 பிட். அது 4 ஜிபிக்கு மேல் ராமைக் கண்டுகொள்ளாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் காசு கொடுத்து வாங்கியதில் பாதி சும்மா சூடேறிக்கொண்டிருந்தது.

ஏன் 4 என்று அவருக்குக் கடை பாஷையில்தான் சொன்னேன். குடோன் நோட்டில் ரேக் நம்பர் எழுத இத்தனை கட்டம்தான் என்று இருந்தால், அதற்கு மேல் எத்தனை ரேக் அடித்தாலும் நம்பர் இல்லாத ரேக்கில் சரக்கு வைக்க முடியாது. 32 பிட்டில் எழுத முடிகிற நம்பர்கள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். நம்பருக்கு ஒரு பைட் வீதம் அதுதான் 4 ஜிபி. அதிலும் பாதியை விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டு, ஒரு புரோகிராமுக்கு 2 ஜிபிதான் கொடுக்கும். கடையின் டேட்டாபேஸ் புரோகிராமான மைஎஸ்க்யூஎல் அந்த 2 ஜிபிக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். அந்த மெஷினில் பஃபர் பூலை (டேட்டாவை ராமில் பிடித்து வைக்க மைஎஸ்க்யூஎல் ஒதுக்கும் இடம்) ஒன்றரை ஜிபிக்கு மேல் ஏற்றினால் சர்வீஸ் எழுந்திருக்கவே மறுத்தது. டேட்டாபேஸோ 6 ஜிபி.

64 பிட்டின் லாபம் இங்கேதான். பிராசஸர் கணக்கு வேகமாகப் போடும் என்பதெல்லாம் அப்புறம். 2003இல் ஏஎம்டி ஆப்டெரான் வந்தபோது பொது ரெஜிஸ்டர்கள் (பிராசஸர் கணக்குப் போடும்போது எண்களைக் கையில் வைத்துக்கொள்ளும் இடங்கள்) 8லிருந்து 16 ஆயின, அதனால் கொஞ்சம் லாபம் உண்டு. ராமின் ரேக் நம்பரைக் குறித்து வைக்கும் பாயின்டர்கள் 4 பைட்டிலிருந்து 8 பைட்டாகி அதில் கொஞ்சத்தைத் தின்றும்விடும். பெரிய வித்தியாசம் டிஸ்க்குக்கு ஓடுகிற ஓட்டம் நிற்பதில் இருக்கிறது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். ராமில் இருப்பதை எடுக்கச் சுமார் 100 நானோ செகண்ட். முன் ரேக்கில் இருக்கும் புடவையை எடுத்துக் காட்டுவதற்கும், பையனை மூன்று தெரு தள்ளியிருக்கும் குடோனுக்கு அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம்கூட இவ்வளவு இருக்காது.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். மூன்று இடத்தில் பிட் பார்க்க வேண்டும்: பிராசஸர், ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி), டேட்டாபேஸ் புரோகிராம். மூன்றும் தனித்தனி. 64 பிட் பிராசஸரில் 32 பிட் ஓஎஸ் ஓடும். 64 பிட் ஓஎஸ்ஸில் 32 பிட் மைஎஸ்க்யூஎல் ஓடும், யாரும் கேட்கமாட்டார்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஷோ வேரியபிள்ஸ் என்ற கட்டளையைப் போட்டு 'வெர்ஷன் கம்பைல் மெஷின்' வரியைப் பாருங்கள். எக்ஸ்86க்குப் பின்னால் 64 ஒட்டியிருந்தால் அது ஏற்கெனவே 64 பிட். லினக்ஸ் என்றால் 'யூநேம் -எம்' ஓஎஸ்ஸின் பிட்டைச் சொல்லிவிடும்.

அடுத்து, டிஸ்க்குக்கு எத்தனை ஓட்டம் என்ற கணக்கு. ஷோ குளோபல் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும் பட்டியலில் 'இன்னோடிபி பஃபர் பூல் ரீட் ரிக்வெஸ்ட்ஸ்' என்பது மொத்தமாகக் கேட்டது; 'இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ்' என்பது ராமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போனது. இரண்டும் சர்வர் எழுந்ததிலிருந்து கூடிக்கொண்டே போகிற எண்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கூட்ட நேரத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை எழுதி, கழித்துப் பாருங்கள். எம்.சி. ரோட்டுக் கடையில் நூறு தடவை கேட்டால் ஆறு தடவை டிஸ்க்குக்கு ஓடியது. ஆறு என்ன பெரிசு என்று தோன்றும். ஒரு ரிப்போர்ட் லட்சக்கணக்கில் கேட்கும்போது அந்த ஆறுதான் நாற்பது நிமிடம்.

எண்கள் வேறு மாதிரி வந்தால் காசைப் பையிலேயே வையுங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு இரும்புக் கடைக்காரர் இதே மாற்றத்தைக் கேட்டார். அவர் டேட்டாபேஸ் மொத்தமே 700 எம்பி, முழுக்க ராமுக்குள் இருந்தது, டிஸ்க் சும்மா இருந்தது, பிராசஸர்தான் நூறு சதவீதத்தில் திணறியது. பில் டேபிளில் பார்ட்டி நம்பருக்கு இண்டெக்ஸே (நேராகத் தேடி எடுக்க உதவும் அட்டவணை) இல்லை. போட்டேன், ஐந்து நிமிட வேலை. டீ வாங்கிக் கொடுத்தார். எஸ்எஸ்டி (சுற்றாத வேக டிஸ்க்) மட்டும் போட்டால் போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். சின்ன டேட்டாபேஸ், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

மாற்றுவது என்று முடிவானால், ஓடுகிற மெஷினில் கை வைக்காதீர்கள். 32 பிட் விண்டோஸை அப்படியே 64க்கு ஏற்றும் வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும்; நடுவில் சிக்கினால் காலையில் கடை திறக்க முடியாது. நாங்கள் 16 ஜிபி ராமோடு ஒரு செகண்ட் ஹேண்ட் சர்வர் வாங்கினோம். (நம் ஏரியாவில் கடல் காற்று உப்பு. பழைய ராமின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் துடைத்துவிட்டுச் செருகுங்கள்.) மைஎஸ்க்யூஎல் பதிப்பை மாற்றாதீர்கள். 5.6 இருந்தால் 64 பிட் 5.6தான். பிட்டையும் பதிப்பையும் ஒரே ராத்திரியில் மாற்றினால், எது கெடுத்தது என்று தெரியாது.

டம்ப் (டேட்டாபேஸை ஒரு ஃபைலில் எழுதுவது) எடுக்கும்போது சிங்கிள் டிரான்சாக்ஷன், ரூட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் மூன்று ஆப்ஷன்களையும் சேருங்கள். பின்னிரண்டும் தானாக வராது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் கட்டளைத் திரையில் அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பாதீர்கள். அது யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்து முறையில் எழுதிவிடும், திரும்ப ஏற்றப் போனால் ஏறாது. இது எனக்கு ராத்திரி பன்னிரண்டரைக்குத் தெரிந்தது. 'ரிசல்ட் ஃபைல்' ஆப்ஷனைக் கொடுத்தால் தொல்லை இல்லை. உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் டேட்டா ஃபோல்டரை 32 பிட்டிலிருந்து 64க்கு அப்படியே காப்பி அடிக்கவே முடியாது, டம்ப்தான் வழி. எஸ்க்யூஎல் சர்வர்காரர்களுக்கு நிம்மதி, பேக்கப்பை நேராக ரீஸ்டோர் செய்யலாம்.

ஏற்றியபின் வரிகளை எண்ணிச் சரி பாருங்கள். அதோடு நான் வருடவாரியாக பில் தொகையைக் கூட்டி, பழையதும் புதியதும் பைசா வரை ஒன்றா என்று கணக்குப்பிள்ளையையே டிக் போடச் சொன்னேன். டெக்னிக்கல் ஆள் சொல்வதை விட அவர் டிக்கை முதலாளி நம்புவார்.

இனி நான் மானம் போன இடம். எல்லாம் முடித்து, மறுநாள் ரிப்போர்ட் ஓட்டினோம். முப்பத்தெட்டு நிமிடம். முதலாளி ஒன்றும் பேசவில்லை, அதுதான் கஷ்டம். மைஎஸ்க்யூஎல் செட்டிங்ஸ் இருக்கும் பழைய மை டாட் ஐஎன்ஐ ஃபைலை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தேன். பஃபர் பூல் அளவு அதில் இன்னும் 1 ஜிபி! 16 ஜிபி மெஷினில் 1 ஜிபி குடித்தனம். வேறு வேலை செய்யாத மெஷின் என்றால் ராமில் அறுபது, எழுபது சதவீதம் கொடுக்கலாம். நான் 10 ஜிபி கொடுத்தேன். முழுவதையும் அள்ளிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் சார்ட், ஜாயின் பஃபர் என்று ராமில் தனியாக இடம் வேண்டும். ராம் தீர்ந்தால் விண்டோஸ் ராமுக்குப் பதில் டிஸ்க்கில் எழுதி எடுக்கும் பேஜிங்கைத் தொடங்கி, விட்ட இடத்துக்கே வந்து நிற்போம். இந்த அளவை மாற்ற 5.6இல் ஒரு ரீஸ்டார்ட் வேண்டும். 5.7 முதல் ஓடும்போதே மாற்றலாம்.

ரீஸ்டார்ட்டுக்குப் பின் முதல் ரிப்போர்ட் மெதுவாகத்தான் வரும், ராம் காலியாக இருக்கும். இரண்டாவது ஓட்டம் நாலு நிமிடம். பவர் கட்டுக்குப் பிறகும் இதே கதை என்பதால், மூடும்போது பஃபர் பூல் பட்டியலை எழுதி, திறக்கும்போது ஏற்றும் இரண்டு ஆப்ஷன்களையும் ஆன் செய்யுங்கள். 5.6இல் கையால் போட வேண்டும், 5.7இல் முன்பே போட்டிருக்கும்.

கவுன்டர்களில் ஓடும் 32 பிட் பில்லிங் புரோகிராமைத் தொட வேண்டாம். நெட்வொர்க் வழியாகப் பேசுவதற்கு பிட் ஒரு பொருட்டே இல்லை. சர்வரிலேயே ஓடும் ரிப்போர்ட் புரோகிராம்தான் மல்லுக்கு நிற்கும். 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று ஓடிபிசி (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் பாலம்) கத்தினால், 64 பிட் டிரைவரை 32 பிட் புரோகிராம் தேடுகிறது என்று அர்த்தம். 32 பிட் டிரைவரையும் போட்டு, அதை 32 பிட் ஓடிபிசி விண்டோவில் பதிய வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த 32 பிட் விண்டோ சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும். சிஸ்டம்32இல் இருப்பது 64 பிட். பெயர் வைத்தவரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். பழைய 16 பிட் இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் 64 பிட் விண்டோஸில் ஓடாது.

பழைய மெஷினை இரண்டு ஜிஎஸ்டி தாக்கல் முடியும் வரை வைத்திருங்கள், ஆனால் அதன் ஐபியை (நெட்வொர்க் முகவரி) மாற்றிவிடுங்கள். நான் மாற்றவில்லை, ஆஃப் செய்ததோடு விட்டேன். நாலாம் நாள் கடைப் பையன் பண்டல் அடுக்கும்போது சுவிட்சைத் தட்டிவிட்டான். ஒரே ஐபியில் இரண்டு மெஷின். "யக்கா, ரெண்டு கவுன்டர்ல நேத்து பில்லே காணோம்" என்று போன். நாற்பத்து மூன்று பில்லைக் காகிதத்தைப் பார்த்துப் புதியதில் ஏற்றி முடிக்க ராத்திரி பதினொன்று ஆனது.

இப்போதெல்லாம் ஐபியை மாற்றி, நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கி, பவர் கார்டையும் கழற்றிக் கையோடு ராயபுரத்துக்கு எடுத்துவந்துவிடுகிறேன். வீட்டில் பீரோ மேல் மூன்று கார்டு கிடக்கிறது.