தோடா சால்வை வாங்கப் போகிறவர்களுக்கு

ஊட்டி லோயர் பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். சீசன் தொடங்கினால் கீழே இருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அசல் தோடா சால்வை எங்கே கிடைக்கும்?" நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்கள் கையால் பூவேலை செய்கிற சால்வை அது. எங்கே என்பதை அப்புறம் சொல்கிறேன். பார்க்கத் தெரியாமல் எந்தக் கடைக்குப் போயும் புண்ணியமில்லை.

முதலில் துணியைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் முரடான வெள்ளைப் பருத்தியாக, இழையை இழையாக எண்ணுகிற மாதிரி இருக்க வேண்டும். தோடர் பெண்கள் துணியில் கோடு வரைவதில்லை, சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. விரலால் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் ஊசியால் உள்ளே ஓட்டிக்கொண்டே போவார்கள். வழவழவென்று இழை தெரியாத துணியில் அந்த வேலை ஓடாது.

அடுத்து, திருப்பிப் பாருங்கள். என் கண் முதலில் போவது அங்கேதான். மிஷின் எம்பிராய்டரி என்றால் பின்பக்கம் பாபின் நூல் காட்டிக்கொடுத்துவிடும். கைவேலையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நூல் திரும்பும் இடங்களில் மட்டும் ஒரு பக்கம் சின்னச் சின்ன வளையமாகத் துருத்திக்கொண்டிருக்கும். பிசிறு என்று நினைத்து ஒதுக்காதீர்கள், வேண்டுமென்றே விட்டது அது. அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். இழையை எண்ணிப் போடுவதால் உருவங்களும் கோணமாகவே விழும், எருமைக் கொம்பு உள்பட. வழுக்கிக்கொண்டு போகிற வட்டப் பூ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

2013-ல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் போலி நின்றுவிடவில்லை.

சரி, எங்கே வாங்குவது? தைத்தவர் கையிலிருந்தே வாங்குவதுதான் நல்லது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறினால் ஒரு தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, இருக்கிறது. வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கூம்பு வடிவக் கோயிலோ, எருமைப் பால் கடைகிற பால்மாடக் கோயிலோ கண்ணில் பட்டால் தள்ளியே நில்லுங்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே உள்ளே போவதில்லை. கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். அரைப்பீப்பாயைக் கவிழ்த்த மாதிரியான பழைய வீட்டை எதிர்பார்த்துப் போய், ஓட்டு வீட்டையும் டிஷ் ஆன்டெனாவையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அந்த வீட்டுக் கூரைக்கு வேண்டிய புல் விளைந்த வெளிகளில் பெரும்பகுதியில் யூகலிப்டஸும் சீகை மரமும் தேயிலையும் நிற்கின்றன. புல்லுக்கு எங்கே போவார்கள்?

பேரம் பற்றி ஒரு வார்த்தை. 1819-ல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தோடர்களிடம் நிலம் வாங்கி 1822-ல் கல் வீடு கட்டத் தொடங்கினார். இன்றைய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் அது இருக்கிறது. ஊர் வளர்ந்தது அதிலிருந்துதான். இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து தைத்தவரிடம் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. பணம் இடித்தால் சின்ன மேஜை விரிப்பு, பர்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய சால்வையின் பெயர் பூத்துக்குளி. ஆண், பெண் இருவரும் போர்த்துவார்கள். இறந்தவரை வழியனுப்பும்போதும் பூவேலை செய்த இந்தப் போர்வையைத்தான் சுற்றுவார்கள். ஆகவே அதைத் தரையில் விரித்து மிதிக்க வேண்டாம்.

துவைக்கும் முன், ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நூலின் ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், வளையங்கள் இழுத்துக்கொள்ளும்.

ஜாக்கெட், குஷன் உறை தைக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். பூவேலை நூல் ஊடிழையோடு, அதாவது துணியின் குறுக்கு நூலோடு, சேர்ந்து ஓடுவதால், அதற்குக் குறுக்கே வெட்டினால் நுனி உருவிக்கொண்டு வரும். கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் நெருக்கமாக ஒரு தையல் ஓட்டி, அப்புறம்தான் கத்தரி வைக்க வேண்டும். உங்கள் டெய்லர் நேரே கத்தரியை எடுத்தால் துணியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.